எத்தியோப்பிய ஓநாயைக் காக்க நாய்க்குத் தடுப்பூசி போட்டால் போதுமா?

ரோபே வாத்தியார்

எத்தியோப்பிய ஓநாய்களில் வளர்ந்தவை மட்டும் எண்ணினால் இன்று சுமார் 500தான் இருக்கும். அந்த நாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இவை கிடையாது. எந்த மிருகக்காட்சி சாலையிலும் ஒன்றுகூட இல்லை. அதனால் மலையில் ஒரு கூட்டம் அழிந்தால், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடக் கையிருப்பு என்று ஒன்றும் இல்லை. சிங்கத்துக்கும் புலிக்கும் கிடைக்கிற பேச்சில் நூறில் ஒரு பங்கு இந்த ஓநாய்க்குக் கிடைப்பதில்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எத்தியோப்பியக் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இந்திய ஆசிரியர்கள் வேலை பார்ப்பது பல தலைமுறை வழக்கம். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். தெற்கே பாலே மலையடிவாரத்தில் இருக்கும் ரோபே ஊரில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அங்கிருந்து கோபா வழியாக மேலே ஏறினால் சனெட்டி மேட்டுநிலம் வந்துவிடும். சுமார் 4,000 மீட்டர் உயரம். மரமே கிடையாது. முழங்காலுக்குக் கீழே அடர்ந்த வெள்ளிச் சாம்பல் நிறப் புதர்கள், நடுநடுவே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் லொபிலியாச் செடிகள், சின்னச் சின்ன ஏரிகள். இரவில் உறைபனி, பகலில் தோலைச் சுடும் வெயில். அந்தப் பொட்டல்வெளியில் செம்பழுப்பு நிறத்தில், கழுத்திலும் மார்பிலும் வெள்ளைப் பட்டையோடு, நீண்ட கால்களில் ஓநாய் நடந்து போவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

அதன் சாப்பாடு கிட்டத்தட்ட முழுவதும் எலிகள்தான். பாலேயில் மட்டுமே வாழும் ஜயன்ட் மோல் ராட் என்ற பெரிய வளை எலி ஒரு கிலோ எடை வரைகூட வளரும். ஓநாய்க்கு அதுதான் முதல் விருந்து. வளை வாயிலில் பூனைபோல் பதுங்கி, எலி தலையை நீட்டும்வரை அசையாமல் நின்று, ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். எலி பகலில் வெளியே வருவதால் ஓநாயும் பகலில்தான் வேட்டையாடும். எலியைத் தனித்தனியாகத்தான் தேடும். ஆனால் வாழ்வது கூட்டமாக. காலையிலும் மாலையிலும் கூட்டம் ஒன்றுசேர்ந்து, ஒன்றையொன்று முகர்ந்து, நக்கி, கத்தி, அப்புறம் எல்லையைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டு வரும்.

இதைக் கொல்வது துப்பாக்கி அல்ல, ரேபிஸ் எனும் வெறிநோயும், டிஸ்டெம்பர் எனும் இன்னொரு கொடிய வைரஸ் நோயும். இரண்டும் மேய்ப்பர்களின் நாய்களிடமிருந்து வருகின்றன. அதோடு ஆண்டுக்கு ஆண்டு பார்லி வயல் மலையில் மேலே ஏறிக்கொண்டே போகிறது.

நோயைத் தடுப்பதற்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது நிலத்துக்கும், அந்த நிலத்தில் வாழும் மனிதர்களுக்கும் கொடுக்காவிட்டால், தடுப்பூசி போட்ட ஓநாய்கள் நிற்க இடமில்லாமல் போகும் என்பது என் கருத்து. உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.

மாட்டு டாக்டர் (நாமக்கல்)

சார், நல்ல இழை. நான் கால்நடை மருத்துவர் என்பதால் நோய்ப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். "நோயைத் தடுப்பதற்குக் கொடுக்கிற கவனம்" என்று நீங்கள் எழுதியது, ஏதோ அது அளவுக்கு மீறிப் போய்விட்டது போன்ற தொனியைத் தருகிறது. அப்படி இல்லை.

பாலேயில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பெரிய ரேபிஸ் பரவல். அப்புறம் 2003-04, 2008-09, 2014. இடையிடையே 2006, 2010, 2015-ல் டிஸ்டெம்பர். 2003-ல் வெப் பள்ளத்தாக்கில் நோய் புகுந்தபோது அங்கிருந்த ஓநாய்களில் நான்கில் மூன்று பங்கு செத்துப்போயின. சில மாதங்களில் நடந்தது இது. பார்லி வயல் ஏறுவதற்கு இருபது வருடம் ஆகும், ரேபிஸுக்கு ஒரு பருவம் போதும்.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், சார் எழுதிய அந்தக் காலை மாலைச் சந்திப்புதான் காரணம். ரேபிஸ் உமிழ்நீரில் பரவும் நோய். ஒன்றையொன்று நக்கி, வாயைக் கவ்வி உறவாடும் கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வந்த மாதிரி. பக்கத்துக் கூட்டத்தோடு எல்லையில் சண்டை வரும்போது அடுத்த கூட்டத்துக்கும் போய்விடும்.

நாய்களுக்குப் போட்டால் போதுமே என்று பலர் கேட்பார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு அங்கே போடுகிறார்கள். எத்தியோப்பிய ஓநாய்ப் பாதுகாப்புத் திட்டம் 1995-ல் தொடங்கியதிலிருந்தே அதன் முக்கியமான வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் நாய்களிடையே ரேபிஸ் பரவாமல் இருக்க 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலைக்கிராமத்து நாயின் ஆயுள் குறைவு. இந்த வருடம் போட்ட நாய் அடுத்த வருடம் இருக்காது, அதன் இடத்தில் ஒரு குட்டி இருக்கும். போதாக்குறைக்குக் கீழே இருந்து மந்தையோடு பருவத்துக்கு மேலே வருகிறவர்கள் தடுப்பூசி போடாத நாய்களைக் கூட்டி வருவார்கள். எவ்வளவு ஓடினாலும் அந்த 70-ஐத் தொடர்ந்து பிடித்து வைத்திருப்பது கஷ்டம்.

சோலைக்குயில்

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வனவிலங்கு உயிரியல் படிக்கிறேன், இந்தக் கதை எங்கள் வகுப்பில் ஒரு பாடமாகவே வருகிறது.

2003-ல் நோய் வந்தபோது எல்லா ஓநாய்க்கும் ஊசி போட ஆளும் நேரமும் இல்லை. பாலேயில் ஓநாய் வாழும் பகுதிகள் மூன்று நான்கு பெரிய திட்டுகளாக இருக்கின்றன, அவற்றைக் குறுகிய நிலப்பாலங்கள் இணைக்கின்றன. நோய் ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அதனால் வெப் பள்ளத்தாக்கின் வெளிவாசலில் இருந்த கூட்டங்களைப் பிடித்து, சுமார் 70 ஓநாய்களுக்கு ஊசி போட்டார்கள். நோய் சனெட்டிப் பக்கம் போகவில்லை.

அந்த அனுபவத்தை வைத்துக் கணக்குப் போட்டு 2006-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நோயை அடியோடு ஒழிப்பது நோக்கம் அல்ல, இனம் அழியாமல் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பாதிக்கும் குறைவான ஓநாய்களுக்கு, சரியான இடத்தில் போட்டாலே போதும் என்பதுதான் அதன் சாரம். சில செத்துப்போகும், ஆனால் மொத்தமும் போகாது. அரிய விலங்குகளுக்கு நோய்த்தடுப்பைப் பற்றி யோசிக்கிற முறையையே மாற்றிய ஆய்வு அது.

ஊட்டிக்காரன்

ஓநாயைப் பிடித்து ஊசி போடுவது என்றால் அதற்கு என்ன பாடு? பொறி வைத்துப் பிடிக்கும்போதே அடிபடாதா? காட்டு விலங்கைத் தொடாமல் விடுவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. நோய் வருவதும் குறைவதும் இயற்கைதானே.

மாட்டு டாக்டர் (நாமக்கல்)

நண்பரே, நோய் இயற்கையாக இருக்கலாம், அந்த அளவு நாய்கள் அந்த மலையில் இருப்பது இயற்கை இல்லை. நாம் கொண்டுபோன நோயை நாமேதான் தடுக்க வேண்டும். பல்லாயிரம் ஓநாய்கள் இருந்தால் நீங்கள் சொல்வதுபோல் ஒதுங்கி நின்று பார்க்கலாம். 500-ஐ வைத்துக்கொண்டு அப்படிப் பார்க்க எனக்கு மனசு வராது.

பிடிப்பதில் உள்ள சிரமம் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். அதனால்தான் வாய்வழி மருந்துக்குப் போனார்கள். இதற்கு முன்னோடி ஐரோப்பா. சுவிட்சர்லாந்தில் 1978-ல் கோழித் தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துக் காட்டில் போட்டார்கள், நரிகள் தின்றன. அங்கே தொடங்கி மேற்கு ஐரோப்பா முழுவதும் நரிகளிடம் ரேபிஸ் ஒழிந்ததே இந்த வழியில்தான். பாலேயில் எந்த இரையை ஓநாய் விரும்பும் என்று சோதித்துப் பார்த்ததில் வெள்ளாட்டு இறைச்சிதான் பொருந்தி வந்தது. இறைச்சித் துண்டுக்குள் மருந்துப் பொட்டலம் இருக்கும். ஓநாய் கடிக்கும்போது பொட்டலம் கிழிந்து மருந்து வாயின் உட்தோலில் படவேண்டும், அங்கேதான் அது வேலை செய்யும். முழுசாக விழுங்கிவிட்டால் பயன் இல்லை. பல வருடச் சோதனைக்குப் பிறகு 2018-ல் முறையாகத் தொடங்கினார்கள். நோய் வந்த பின் ஓடுவதற்குப் பதிலாக, வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஒரு பகுதிக்கு எதிர்ப்பாற்றலைக் கொடுத்து வைக்க இதனால் முடிகிறது.

ஆனால் டிஸ்டெம்பருக்கு இந்த மாதிரி வாய்வழி மருந்து இல்லை. 2018-ல் குஜராத்தில் கிர் சிங்கங்கள் டிஸ்டெம்பரில் செத்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கேயும் சிங்கங்களைப் பிடித்துத்தான் ஊசி போட வேண்டியிருந்தது.

கரிசல்காட்டான்

வாத்தியாரய்யா, டாக்டரம்மா, எல்லாம் சரி. நான் கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவன், ஆடும் உண்டு. எனக்கு ஒரு கேள்வி. 4,000 மீட்டர் உயரத்தில், உறைபனியில், பார்லி விதைக்கிற மனுஷன் ஆசைக்கா போய் விதைக்கிறான்? கீழே நிலம் இல்லாமல்தானே மேலே போகிறான்? எத்தியோப்பியாவில் 12 கோடிக்கு மேல் சனம். அவன் வயிற்றைப் பற்றிப் பேசாமல் ஓநாய்க்கு இடம் இல்லை என்று பேசினால் எப்படி? வெளிநாட்டுக்காரர்கள் பணம் போட்டு ஓநாயைப் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த மேய்ப்பன் பிள்ளைக்கு யார் பணம் போடுகிறார்கள்?

இன்னொன்று. நாயை வைத்திருக்காதே என்று அவனிடம் சொல்ல முடியுமா? என் கிடையில் நாய் இல்லாமல் ஒரு ராத்திரி படுக்க முடியாது எனக்கு.

ரோபே வாத்தியார்

அண்ணாச்சி, நான் கேட்க நினைத்த கேள்வியே இதுதான்.

முதலில் நாய். பாலே மேய்ப்பர்களும் உங்களைப் போலத்தான். அங்கே கழுதைப்புலி உண்டு, ராத்திரி பட்டிக்கு வரும். நாய் குரைத்தால்தான் ஆட்கள் எழுந்து விரட்ட முடியும். அதனால் நாயே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் நடக்காது. நாயைக் கட்டுக்குள் வையுங்கள், தடுப்பூசி போடுங்கள், தேவைக்கு மேல் வளர்க்காதீர்கள், இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஊசிக்கு மக்கள் மறுப்புச் சொல்வதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. வெறிநாய் கடித்தால் அந்த மலையில் ஆஸ்பத்திரி எட்டாத தூரம். மனுஷன் செத்தான், மாடும் செத்தது. என் மாணவர்களில் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் இருந்தார்கள், வெறிநாய்க்கடியில் செத்த யாரையாவது தெரியாத வீடு அவர்களில் குறைவு. ஓநாய்க்காக வந்த ஊசி மனுஷனையும் காப்பாற்றுகிறது. ஓநாய் எப்போதாவது ஆட்டுக்குட்டியைத் தூக்கும். ஆனால் கழுதைப்புலியை வெறுப்பதுபோல் அதை அங்கே யாரும் வெறுத்து நான் பார்த்ததில்லை.

நாயால் வரும் இன்னொரு கேடும் இருக்கிறது. வெப் பள்ளத்தாக்கில் சில பெண் ஓநாய்கள் ஊர் நாயோடு சேர்ந்து கலப்புக் குட்டி போட்டிருப்பதை 1990-களில் மரபணு ஆய்வில் கண்டுபிடித்தார்கள். சின்ன இனத்துக்கு இதுவும் ஆபத்து.

அப்புறம் நிலம். ஆப்பிரிக்காவில் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் நிலத்தில் பெரும்பகுதி எத்தியோப்பியாவில்தான் இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஏற்கெனவே வயலும் மேய்ச்சலும் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது தீவுகள். பாலே, அர்சி, தெற்கு வொல்லோ, வடக்கு வொல்லோ, மென்ஸ், சிமியென் என்று ஆறு இடங்களில்தான் ஓநாய் இருக்கிறது. பாதிக்கு மேல் பாலேயில் மட்டும். மற்ற இடங்களில் சில பத்துகள்தான். சோக்கே மலையில் இருந்த கூட்டம் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு ஓநாய் போக முடியாது, நடுவில் முழுக்க வயலும் ஊரும்.

இதில் யார் பசியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியும்? நானும் அந்த மக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்லிக் கஞ்சி குடித்தவன்தான். ஆனால் அந்த உயரத்தில் உழுத மண் நீண்ட நாள் தாங்காது. சரிவில் மழை அடித்துக்கொண்டு போய்விடும், சில ஆண்டுகளில் விளைச்சல் குறையும், இன்னும் மேலே போவார்கள். துல்லு டிம்டு உச்சி 4,377 மீட்டர். அதற்கு மேலே போக மலை இல்லை.

சோலைக்குயில்

கரிசல்காட்டான் அண்ணாச்சியின் கேள்விக்கு எத்தியோப்பியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள்.

அடிஸ் அபாபாவுக்கு வடகிழக்கே மென்ஸ் பகுதியில் குவாசா என்று ஒரு மேட்டுப் புல்வெளி. நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 3,200 மீட்டருக்கு மேலே. குவாசா என்பதே அங்கே வளரும் ஒரு புல். வீட்டுக் கூரை வேய, கயிறு திரிக்க, துடைப்பம் கட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் புல்தான். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மக்கள் இதை ஒரு முறைப்படி காத்து வந்திருக்கிறார்கள். கேரோ என்று அதற்குப் பெயர். ஊர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் புல்வெளியை மூடிவிட்டால் மூடியதுதான், சில சமயம் மூன்று நான்கு வருடம் தொடர்ந்து மூடியிருக்கும். ஒரு கத்தைகூட அறுக்கக் கூடாது, மாடு உள்ளே போகக் கூடாது. புல் நன்றாக வளர்ந்த பின் ஒரு நாள் குறித்துத் திறப்பார்கள், உரிமை உள்ள குடும்பங்கள் எல்லாம் போய் அறுத்துக்கொள்ளும். மீறினால் கடுமையான தண்டனை. திருச்சபையின் ஆதரவும் அதற்கு இருந்தது.

1974 புரட்சிக்குப் பின் வந்த நிலச் சீர்திருத்தத்தில் அந்த உரிமை முறை போய்விட்டது. நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் கிடைத்தது நல்லதுதான். ஆனால் புல்வெளியை மூடித் திறக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லாமல் போனது. கொஞ்ச காலம் கண்டபடி மேய்ச்சலும் அறுப்பும் நடந்தன. பிறகு அந்த மக்களே மறுபடி கூடி, சுற்றியுள்ள ஊர்களின் பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு குழு அமைத்துக் காக்கத் தொடங்கினார்கள். இப்போது அது சமூகப் பாதுகாப்புப் பகுதி. காவலுக்குச் சொந்த ஊர் ஆட்கள்.

அங்கே ஓநாய் பிழைத்திருப்பது இதனால்தான். யாரும் ஓநாய்க்காகத் தொடங்கவில்லை, தங்கள் கூரைக்காகத் தொடங்கினார்கள். புல் இருந்ததால் எலி இருந்தது, எலி இருந்ததால் ஓநாய் இருந்தது.

குவாசாவில் இன்னொரு அழகான விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கெலாடா குரங்குகள் அங்கே நூற்றுக்கணக்கில் கூட்டமாக உட்கார்ந்து புல் தின்னும். ஓநாய் அந்தக் கூட்டத்துக்குள் நிதானமாக நடந்துபோய் எலி பிடிக்கும். குரங்குக் குட்டியைத் தொடாது, குரங்கும் பயந்து ஓடாது. 2015-ல் வெளிவந்த ஆய்வின்படி, தனியாக எலி தேடும்போது நான்கில் ஒரு முயற்சிதான் பலிக்கிறது, குரங்குக் கூட்டத்துக்குள் தேடும்போது மூன்றில் இரண்டு பலிக்கிறது. குரங்குகள் புல்லைக் கிளறும்போது எலி வெளியே வருவதாலோ, ஓநாய் வருவது எலிக்குத் தெரியாமல் போவதாலோ இருக்கலாம்.

கரிசல்காட்டான்

தம்பி, இது மனசுக்கு ஒப்புகிறது. எங்கள் பக்கத்திலும் கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் ஊர்க் கட்டுப்பாட்டில் இருந்த வரைக்கும் ஒழுங்காக இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்கிறாயே, அந்த 17-ஆம் நூற்றாண்டு முறையில் உரிமை இல்லாத குடும்பங்கள் இருந்திருக்கும் இல்லையா? புல்வெளியைப் பூட்டி வைத்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்?

சோலைக்குயில்

கோபமே இல்லை அண்ணாச்சி, சரியான கேள்வி. பழைய முறையில் முதலில் வந்து குடியேறிய வம்சத்தாருக்குத்தான் முதல் உரிமை. மற்றவர்கள் அவர்கள் வழியாகத்தான் புல் பெற வேண்டும். 1975-ல் அதை ஒழித்தபோது சந்தோஷப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். இப்போதைய குழு வம்சம் பார்ப்பதில்லை, சுற்றுவட்டார விவசாயச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவரவில்லை, பழையதில் இருந்த மூடும் திறக்கும் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஊட்டிக்காரன்

குவாசா சின்ன இடம். பாலே 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தேசியப் பூங்கா. அங்கே ஏன் இவ்வளவு ஊர்களும் மாடுகளும்? தேசியப் பூங்கா என்றால் ஆட்களை வெளியேற்றி நல்ல இழப்பீடு கொடுத்து வேறிடத்தில் குடியமர்த்திவிட வேண்டியதுதானே. முதுமலையிலும் அப்படிச் செய்கிறார்கள். சண்டை பிடித்துக்கொண்டே இருப்பதைவிட அது தெளிவான வழி.

ரோபே வாத்தியார்

அதையும் அங்கே செய்து பார்த்தார்கள். வடக்கே சிமியென் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த முதல் சில இடங்களில் அதுவும் ஒன்று. வயலும் மேய்ச்சலும் உள்ளே ஏறி, வாலியா வரையாடும் ஓநாயும் குறைந்துபோய், 1996-ல் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். பூங்காவின் நடுவில் கீச் என்று ஒரு ஊர். அதன் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை 2016-ல் டெபார்க் நகரத்துக்குக் குடிபெயர்த்தார்கள். அடுத்த வருடம் பட்டியலிலிருந்து பூங்காவை எடுத்தார்கள்.

புல் திரும்ப வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்துப் பார்லி விதைத்தவனை நகரத்தில் கொண்டுபோய் வைத்தால் கையில் கொடுத்த பணம் எத்தனை நாளைக்கு வரும்? மண்ணும் மந்தையும் இல்லாத இடத்தில் அவனுக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. இதை நான் வெற்றி என்று எழுத மாட்டேன். ஒரு பக்கம் கணக்கில் வந்தது, இன்னொரு பக்கம் கணக்கிலேயே எடுக்கப்படவில்லை.

பாலேயில் நிலைமை வேறு. அந்தப் பூங்காவை 1970 வாக்கிலேயே அமைத்துவிட்டார்கள், ஆனால் சட்டப்படி எல்லை வகுத்து அரசிதழில் வெளியானது 2014-ல்தான். இடைப்பட்ட காலத்தில் பிறந்து, அங்கேயே மணம் முடித்து, பிள்ளை பெற்றவர்களை "சட்டவிரோதமாக உள்ளே இருப்பவர்கள்" என்று எப்படிச் சொல்வது? அதோடு ஒரோமோ மேய்ப்பர்கள் பருவத்துக்குப் பருவம் மாட்டை மேலே ஓட்டி வருவதும் திரும்பக் கீழே போவதும் மிகப் பழைய வழக்கம். பழைய வழக்கத்தில் மேலே வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். இப்போது கீழே மேய்ச்சல் நிலம் எல்லாம் உழுதுவிட்டதால் பலர் திரும்பிப் போக இடமில்லாமல் மேலேயே தங்குகிறார்கள். அப்படியானால் மருந்து மலைமேல் இல்லை, கீழே இருக்கிறது. கீழே மேய்ச்சல் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தானே இறங்கிவிடும்.

மாட்டு டாக்டர் (நாமக்கல்)

இதில் சாரோடு முழுக்க உடன்படுகிறேன். கால்நடை மருத்துவராக ஒன்று சேர்க்கிறேன். பத்து மெலிந்த மாடு வைத்திருப்பவருக்கு நல்ல தீவனமும் நோய்ச் சிகிச்சையும் கிடைத்தால் ஐந்து மாட்டிலேயே அதே பாலும் அதே வருமானமும் எடுக்கலாம். ஆனால் மாட்டை வங்கிச் சேமிப்பாக வைத்திருக்கும் இடத்தில் எண்ணிக்கையைக் குறை என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். செத்துப்போகும் என்ற பயத்தில்தான் கூடுதலாக வைத்திருப்பார்கள். அந்தப் பயத்தை முதலில் போக்க வேண்டும். நாய்க்கு ஊசி போடப் போகிறவர் மாட்டையும் பார்த்துவிட்டு வந்தால் ஊரில் மரியாதையே வேறு.

இன்னொரு கேள்வி, தம்பி சோலைக்குயிலுக்கு. வேறிடத்தில் கொஞ்சம் ஓநாய்களை வைத்து வளர்த்து, குட்டிகளை அற்றுப்போன மலைகளில் விடுவது பற்றி யோசிக்கிறார்களா? கூட்டம் கூட்டமாகச் சாகும் இனத்தை ஒரே இடத்தில் பாதிக்கு மேல் வைத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

சோலைக்குயில்

மேடம், அடைத்து வளர்ப்பதில் பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் தலைமைப் பெண் ஓநாய் மட்டும்தான் குட்டி போடும், மற்றவை அந்தக் குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து வளர்க்கும். கூண்டில் அந்தக் கூட்ட வாழ்க்கையை உருவாக்குவதும், பிறகு காட்டில் எலி பிடிக்கப் பழக்குவதும் எளிதல்ல. அதைவிட ஒரு மலையில் பெருகிய கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிடித்து, குறைந்துபோன இன்னொரு மலையில் விடுவது நடக்கக்கூடிய வழி. ஆனால் விடப்போகிற மலையில் நாயும் நோயும் நிலமும் முதலில் சரியாக வேண்டும். கடைசியில் பேச்சு வாத்தியார் சார் தொடங்கிய இடத்துக்குத்தான் வருகிறது.

இந்த இனத்தைப் பற்றி நமக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ. 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. பாலேயில் தீப்பந்தம்போல் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் நிஃபோஃபியா செடியின் பூக்களை ஓநாய்கள் நக்கித் தேன் குடிக்கின்றன. ஒரே நடையில் முப்பது பூ வரைகூட. மூக்கெல்லாம் மகரந்தம் ஒட்டியிருக்கும் படங்கள் இருக்கின்றன. மகரந்தத்தை ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் கொண்டுபோகும் பெரிய ஊனுண்ணி இதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள்.

கரிசல்காட்டான்

தேன் குடிக்கிற ஓநாயா! என் பேரப்பிள்ளைக்குப் படம் காட்ட வேண்டும்.

ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஓநாயால் அந்த விவசாயிக்கு என்ன லாபம்? ஊசி, சரி. வேறு?

ரோபே வாத்தியார்

அண்ணாச்சி, ஓநாயால் என்று கேட்டால் சுற்றுலா வழிகாட்டி வேலை, குதிரை வாடகை, சமையல் வேலை, ஓநாய்களைக் கண்காணிக்கும் வேலை என்று சில குடும்பங்களுக்குக் கிடைக்கிறது. எல்லோருக்கும் இல்லை. வட எத்தியோப்பியாவில் 2020-லிருந்து நடந்த போருக்குப் பின் அந்த வருமானமும் நம்ப முடியாததாகிவிட்டது. அதனால் சுற்றுலா வாழவைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மலையால் என்று கேளுங்கள். அதற்குப் பெரிய பதில் இருக்கிறது. அந்தப் புல்லும் பஞ்சுபோன்ற கறுப்பு மண்ணும் மழையைக் குடித்து வைத்து மாதக்கணக்கில் ஊற்றாக விடுகின்றன. வெப், கெனாலே, வாபி ஷெபெல்லே ஆறுகளுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். சோமாலியாவின் வறண்ட நிலம் வரை போகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். தெற்கே ஹரென்னா காட்டில் காப்பி காடாகவே விளைகிறது. 2023-ல் பாலே உலகப் பாரம்பரியச் சின்னமானது வெறும் ஓநாய்க்காக அல்ல. மேலே ஓநாய் வாழ முடிகிற அளவுக்கு எலி இருக்கிறது என்றால், எலி வாழ முடிகிற அளவுக்குப் புல்லும் மண்ணும் இருக்கிறது என்று பொருள்.

இதில் அநியாயம் என்னவென்றால், மலையைக் காக்கும் சுமை மேலே இருக்கும் மேய்ப்பன் தலையில், தண்ணீரின் பலன் கீழே இருப்பவனுக்கு. மேலே இருப்பவன் மேய்ச்சலைக் குறைத்தால் அவனுக்கு ஈடு கொடுக்க வேண்டியது கீழே பலன் பெறுகிறவர்களும் அரசும்தான். பள்ளிக்கூடம், சாலை, தீவனம், கால்நடை மருத்துவமனை எதுவாகவும் இருக்கலாம். அதைச் செய்யாமல் வேலியும் காவலாளியும் மட்டும் வைத்தால், காவலாளி திரும்பிப் பார்க்காத நேரத்தில் மாடு உள்ளே வரும். வரத்தான் செய்யும்.

ஊட்டிக்காரன்

சார், வெளியேற்றுவது பற்றி நான் எழுதியதை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. விருப்பப்பட்டுப் போக நினைக்கிற குடும்பங்களும் இருப்பார்கள், அவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்பேன். ஆனால் கீழே மேய்ச்சல் இல்லாததால்தான் மேலே தங்குகிறார்கள் என்பது நான் யோசிக்காத கோணம்.

வருகிற டிசம்பரில் வேலை விஷயமாக அடிஸ் அபாபா போகிறேன். பாலே போய்ப் பார்க்க முடியுமா? என்ன கவனிக்க வேண்டும்?

ரோபே வாத்தியார்

நல்ல மாதம். மழை முடிந்திருக்கும், குட்டிகள் வளையை விட்டு வெளியே வரும் காலத்தை ஒட்டியிருக்கும். ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், நல்ல கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபாவிலிருந்து ஒரு முழு நாள் பயணம். போகும் முன் அந்தப் பகுதியில் நிலவரம் அமைதியாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

டின்ஷோவில் பூங்கா அலுவலகம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு அங்கேதான். அங்கேயே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள், நகரத்திலிருந்து கூட்டிப் போகாதீர்கள், பணம் மலைக்கிராமத்துக்குப் போகட்டும். டின்ஷோவில் மலை நியாலா மான்களைப் பக்கத்திலேயே பார்க்கலாம். அப்புறம் கோபா வழியாகச் சனெட்டி.

மேலே போகும் சாலை மேட்டுநிலத்தின் நடுவே போகிறது. வண்டி அடித்து ஓநாய் செத்திருக்கிறது, அதனால் ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள், அவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஓநாயைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கித் துரத்த வேண்டாம், வளைப் பக்கம் போகவே வேண்டாம். சாப்பாட்டு மிச்சத்தை அங்கே போடாதீர்கள், அது ஊர் நாய்களை மேலே இழுக்கும். மேலே நாய் எங்காவது கூட்டமாகத் திரிவதைப் பார்த்தாலோ, செத்த ஓநாயைப் பார்த்தாலோ கையால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு டின்ஷோவில் சொல்லுங்கள். நோய் வந்திருப்பது அவர்களுக்கு எத்தனை நாள் முன்னால் தெரிகிறதோ, அத்தனை கூட்டங்களுக்கு மருந்து போய்ச் சேரும்.